மேசைக்கு மேலே தொங்கும் போன்: வீடியோ செட்டிங்ஸை ஒவ்வொன்றாகப் பூட்டிய பதிவு

சர்க்யூட் போர்டில் சால்டரிங் செய்வதை (சால்டர் என்னும் உலோகத்தை உருக்கிப் பாகங்களை ஒட்டுவதை) மேலிருந்து வீடியோ எடுக்க வேண்டும். போன் ஒரு ஸ்டாண்டில் கவிழ்ந்து தொங்கும். கீழே போர்டு, இரண்டு கைகள், ஓர் எல்இடி விளக்கு. தேவை இவ்வளவுதான். ஆனால் கேமரா ஆப்பைத் திறந்து சிவப்புப் பொத்தானை அழுத்தியதும் கிடைத்த வீடியோ பார்க்கும்படி இல்லை. படத்தின் குறுக்கே மங்கலான கறுப்புப் பட்டைகள் மெதுவாக ஊர்ந்தன. கை உள்ளே வந்தால் போர்டு இருண்டது, கை வெளியே போனால் வெளுத்தது. சால்டரிங் அயர்ன் முனை நகரும்போதெல்லாம் ஃபோகஸ் முன்னும் பின்னும் அலைந்தது. எடிட்டிங்கில் போட்டுப் பார்த்தால், தொடக்கத்தில் சரியாக இருந்த சத்தம் கடைசியில் படத்தை விட்டு விலகியிருந்தது.

இந்த மாதிரி நேரத்தில் எல்லோரும் முதலில் தொடுவது ரெசல்யூஷனைத்தான், அதாவது படத்தில் எத்தனை புள்ளிகள் என்பதை. 1080பி-யில் நன்றாக இல்லையா, 4கே போடு. அதனால் ஒன்றும் மாறாது. பட்டைகள் இன்னும் தெளிவாகத் தெரியும், அவ்வளவுதான். மேலே சொன்ன கோளாறுகள் எல்லாவற்றுக்கும் காரணம் ஒன்றே: பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போதே போன் தன் முடிவை மாற்றிக்கொள்கிறது. புகைப்படத்துக்குத் தானியங்கி முறை ஒருமுறை முடிவெடுத்தால் போதும். வீடியோவில் அது விநாடிக்கு 30 முறை வெளிச்சத்தை அளக்கிறது, நிறத்தை எடைபோடுகிறது, எது முக்கியமான பொருள் என்று யோசிக்கிறது. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு முடிவும் சரியாகவே இருக்கலாம். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதுதான் கண்ணை உறுத்துகிறது. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டு நிமிடத்துக்கு ஒரு வழி சொல்லும் ஆளைப் போல.

ஆகவே வேலை என்னவென்றால், போனிடமிருந்து ஒவ்வொரு முடிவாகப் பிடுங்கி நாமே எடுப்பது. நான் செய்த வரிசையிலேயே எழுதுகிறேன். வரிசை முக்கியம், ஏனென்றால் முன்னால் இருப்பதை மாற்றினால் பின்னால் இருப்பவை எல்லாம் கலையும்.

விளக்கும் ஷட்டரும்

பட்டைகளில் இருந்து தொடங்கினேன். மின்சாரம் 50 ஹெர்ட்ஸில் வரும் இடங்களில் சாதாரண விளக்கு விநாடிக்கு 100 முறை கூடிக் குறைகிறது. 60 ஹெர்ட்ஸ் இடங்களில் 120 முறை. கண்ணுக்கு இது தெரிவதில்லை. போனின் சென்சாரோ படத்தை ஒரே நொடியில் மொத்தமாக எடுப்பதில்லை, மேலிருந்து கீழாக வரிவரியாக வாசிக்கிறது. சில வரிகள் விளக்கு பிரகாசமாக இருக்கும் தருணத்தில் மாட்டும், சில வரிகள் மங்கும் தருணத்தில் மாட்டும். அந்த வித்தியாசம்தான் பட்டை.

இதைச் சரிசெய்வது ஃபிரேம் ரேட் (விநாடிக்கு எத்தனை படங்கள் என்ற கணக்கு) என்று பலர் நினைக்கிறார்கள். பாதி உண்மை. 100-ஐ 25-ஆல் வகுத்தால் மீதமில்லை, அதனால் 25 ஃபிரேமில் பட்டைகள் ஊராமல் ஓரிடத்தில் நிற்கும். 30-ஆல் வகுத்தால் மீதம் வரும், அதனால் ஊரும். நின்றாலும் ஊர்ந்தாலும் பட்டை பட்டைதான். அதை ஒழிப்பது ஷட்டர் வேகம், அதாவது ஒவ்வொரு ஃபிரேமுக்கும் சென்சார் வெளிச்சத்தை வாங்கும் நேரம். ஒவ்வொரு வரியும் விளக்கின் ஒரு முழுச் சுற்றையோ இரண்டு முழுச் சுற்றுகளையோ வாங்கிக்கொண்டால் எல்லா வரிகளுக்கும் சமமான வெளிச்சம் கிடைக்கும். 50 ஹெர்ட்ஸுக்கு அது 1/100 அல்லது 1/50 விநாடி. 60 ஹெர்ட்ஸுக்கு 1/120 அல்லது 1/60. என் மேசை விளக்கு 50 ஹெர்ட்ஸில் ஓடுவது; 30 ஃபிரேமில் ஷட்டரை 1/50 என்று வைத்தேன், பட்டைகள் காணாமல் போயின. 60 ஃபிரேம் வேண்டுமென்றால் 1/50 வைக்க முடியாது, ஏனென்றால் ஒரு ஃபிரேமுக்குக் கிடைக்கும் நேரமே 1/60 விநாடிதான். அப்போது 1/100-க்குப் போக வேண்டும்.

சரி, ஷட்டரை எங்கே மாற்றுவது? பல போன்களின் சாதாரண வீடியோ பக்கத்தில் அதற்கு இடமே இருக்காது. சில ஆண்ட்ராய்டு போன்களில் 'ப்ரோ வீடியோ' என்று தனி முறை உண்டு, அதில் கிடைக்கும். என் போனில் அது இல்லாததால் ஓபன் கேமரா என்ற இலவச ஆப்பைப் போட்டேன். அதன் செட்டிங்ஸில் கேமரா ஏபிஐ என்ற இடத்தில் 'கேமரா2' என்பதைத் தேர்ந்தெடுத்தால்தான் ஷட்டர், ஐஎஸ்ஓ (கிடைத்த வெளிச்சத்தை எவ்வளவு பெருக்கிக் காட்டுவது என்ற அளவு), கையால் ஃபோகஸ் எல்லாம் வெளியே வரும். கேமரா2 என்பது ஆப்கள் போனின் கேமராவை இயக்குவதற்கான வழி, 2014-இல் ஆண்ட்ராய்டு 5.0-உடன் வந்தது. ஆனால் போனைச் செய்தவர்கள் அதை எவ்வளவு திறந்துவிட்டிருக்கிறார்கள் என்பது மாடலுக்கு மாடல் மாறும். உங்கள் போனில் இவை தெரியவில்லை என்றால் ஆப்பைத் திட்டிப் பயனில்லை. ஐபோனின் சொந்த கேமராவிலும் ஷட்டர் எண்ணை நேரடியாக வைக்க முடியாது; பிளாக்மேஜிக் கேமரா போன்ற வேறு ஆப் வேண்டும். அது 2023-இல் ஐபோனுக்கும் 2024-இல் ஆண்ட்ராய்டுக்கும் வந்தது, அதுவும் இலவசம்தான்.

1/50 வைத்ததும் அடுத்த தொல்லை தலைகாட்டியது: படம் வெளுத்துப்போனது. போன் லென்ஸின் துவாரத்தைப் பெரும்பாலும் சிறிதாக்க முடியாது, அது நிலையானது. வெளிச்சம் அதிகமானால் குறைக்க இருப்பவை ஷட்டரும் ஐஎஸ்ஓவும் மட்டுமே. ஐஎஸ்ஓ அடிமட்டத்துக்கு வந்த பிறகு தானியங்கி முறைக்கு ஷட்டரைச் சுருக்குவதைத் தவிர வழியில்லை. பட்டைகள் வந்ததற்கும் அதுவே மூலம்: விளக்கு ரொம்பப் பக்கத்தில் இருந்தது, போன் ஷட்டரை எங்கோ 1/300 பக்கம் கொண்டுபோயிருந்தது. வெளிச்சம் கூடினால் வீடியோ நன்றாக வரும் என்ற பொதுவான அறிவுரை இங்கே தலைகீழாகிறது.

இதற்கு என்டி ஃபில்டர் என்னும் கறுப்புக் கண்ணாடியை லென்ஸில் மாட்டலாம். வெட்டவெளியில் எடுப்பவர்களுக்கு அதுதான் வழி. மேசை வேலைக்கு அதெல்லாம் வேண்டாம், விளக்கைத் தள்ளி வைத்தால் போதும். விளக்கிலேயே வெளிச்சத்தைக் குறைக்கும் குமிழ் இருந்தால் கொஞ்சம் எச்சரிக்கை தேவை. பல எல்இடி விளக்குகள் வெளிச்சத்தைக் குறைப்பது விளக்கை வேகமாக அணைத்து அணைத்து எரியவிடுவதன் மூலம். அது மின்சாரத்தின் 50, 60 கணக்குக்குள் வராத இன்னொரு துடிப்பு. குமிழை முழுதாகத் திருப்பி வைத்துவிட்டு, தூரத்தை மாற்றி வெளிச்சத்தைச் சரிசெய்வதே நிம்மதி.

உங்கள் விளக்கு துடிக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. மேனுவல் முறையில் ஷட்டரை 1/2000 போல மிகக் குறுகியதாக வைத்து, விளக்கு வெளிச்சம் படும் வெள்ளைத் தாளைத் திரையில் பாருங்கள். நல்ல டிரைவர் (எல்இடிக்கு மின்சாரம் தரும் சர்க்யூட்) உள்ள விளக்கு என்றால் தாள் ஒரே சீராக இருக்கும், இருட்டாக இருந்தாலும். மட்டமான டிரைவர் என்றால் கோடுகோடாகத் தெரியும். ஷட்டரே தொட முடியாத போனில் 240 ஃபிரேம் ஸ்லோ மோஷன் இருந்தால் அதில் எடுத்துப் பார்க்கலாம். விளக்கு கண் சிமிட்டுவது அப்பட்டமாகத் தெரியும். என்னிடம் இருந்த விளக்குகளில் விலை கூடியதுதான் மோசமாகத் துடித்தது. பெட்டியில் எழுதியிருப்பதை நம்பாமல் தாளை நம்புங்கள்.

வெளிச்சமும் நிறமும்

ஷட்டர் 1/50-இல் நின்றுவிட்டது. மீதி இருப்பது ஐஎஸ்ஓ. பச்சைப் போர்டு, கறுப்பு விரிப்பு, நடுவில் சால்டர் பளபளப்பு. கை இல்லாதபோது போன் இந்தக் காட்சியை 'இருட்டு' என்று எண்ணி ஏற்றிவிடுகிறது, கை வந்ததும் 'ஐயோ வெளிச்சம்' என்று இறக்கிவிடுகிறது. அதனால் பூட்டும்போது கையும் உள்ளே இருக்க வேண்டும். இடது கையை வேலை செய்யும் இடத்தில் வைத்துக்கொண்டு, தோலில் எங்கும் வெள்ளைத் திட்டு விழாத அளவுக்கு ஐஎஸ்ஓவைக் குறைத்தேன். என் மேசையில் அது 100-க்கும் 200-க்கும் நடுவில் வந்து நின்றது. போர்டு திரையில் கொஞ்சம் மங்கலாகத்தான் தெரியும். பரவாயில்லை. இருட்டில் இருப்பதை எடிட்டிங்கில் கொஞ்சம் தூக்கலாம். வெளுத்துப்போன சால்டரில் உள்ள விவரத்தை யாராலும் திரும்பக் கொண்டுவர முடியாது. சால்டர் சரியாகப் பிடித்திருக்கிறதா என்று பார்ப்பவருக்குச் சொல்வதே அந்தப் பளபளப்பின் வடிவம்தானே.

சாதாரண ஆப்பில் இருப்பவர்களுக்கு: திரையில் வேண்டிய இடத்தை விரலால் அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான போன்களில் ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். ஐபோனில் மஞ்சள் கட்டத்துக்குப் பக்கத்தில் சூரியன் சின்னம் வரும், அதைக் கீழே இழுத்தால் வெளிச்சம் குறையும். இதில் ஷட்டர் எவ்வளவு என்று தெரியாது, மாறாமல் இருக்கும் என்பது மட்டும் உறுதி. அதுவே பாதி வெற்றி.

நிறத்துக்கு வருவோம். ஒயிட் பேலன்ஸை, அதாவது எதை வெள்ளை என்று கொள்வது என்ற கணக்கை, தானியங்கியில் விட்டால், சிவப்பு ஒயரை எடுத்து உள்ளே வைத்தவுடன் போர்டு லேசாக நீலம் பாய்கிறது. ஒரே துண்டுக்குள் இது மெல்ல நடப்பதால் எடுக்கும்போது தெரியாது. வெவ்வேறு துண்டுகளை வெட்டி ஒட்டும்போதுதான் ஒன்று மஞ்சளாகவும் ஒன்று நீலமாகவும் நின்று பல்லை இளிக்கும். விளக்கின் கெல்வின் எண் (ஒளியின் நிறத்தைச் சொல்லும் எண்) தெரிந்தால் அதையே வையுங்கள். மஞ்சள் குண்டு பல்பு 2700 பக்கம், பகல் வெளிச்சம் 5500 முதல் 6500 வரை. எண் தெரியாவிட்டால் வெள்ளைத் தாளைக் காட்டி, அது திரையில் வெள்ளையாகத் தெரியும் வரை நகர்த்துங்கள். ஐபோனில் செட்டிங்ஸில் கேமரா, அதற்குள் 'ரெக்கார்ட் வீடியோ' பக்கத்தில் 'லாக் ஒயிட் பேலன்ஸ்' என்று ஒன்று இருக்கும். பதிவு தொடங்கியபோது இருந்த நிறத்தையே அது கடைசி வரை பிடித்துவைக்கும்.

ஆனால் எந்தப் பூட்டும் இரண்டு வகை வெளிச்சத்தைச் சமாளிக்காது. ஜன்னல் வெளிச்சமும் விளக்கும் சேர்ந்தால் கையின் ஒரு பக்கம் நீலம், மறுபக்கம் மஞ்சள். ஒன்றைச் சரிசெய்தால் மற்றது கெடும். போதாததற்கு ஜன்னல் வெளிச்சம் மேகத்துக்கு மேகம் மாறும். நாம் பாடுபட்டுப் பூட்டியதை வெளியிலிருந்து யாரோ திறப்பதுபோல் ஆகிவிடும். ஜன்னல் திரையை இழுத்து மூடிவிட்டேன்.

ஃபோகஸ்: கிட்டே போகாமல் கிட்டே காட்டுவது

சின்ன சால்டர் புள்ளி, அதனால் போனைக் கிட்டே கொண்டுபோக வேண்டும் என்றுதான் கை பரபரக்கும். புதிய போன்களில் சென்சார் பெரிதாகப் பெரிதாக, முதன்மைக் கேமராவால் ஃபோகஸ் செய்ய முடிகிற மிகக் குறைந்த தூரமும் கூடிக்கொண்டே போகிறது. அதைவிடக் கிட்டே போனால் சில போன்கள் சொல்லாமல் கொள்ளாமல் அல்ட்ரா வைடு (அகலப் பார்வை) கேமராவுக்கு மாறிவிடும். 2021-இல் வந்த ஐபோன் 13 ப்ரோவின் மேக்ரோ (மிகக் கிட்டத்தில் எடுக்கும் முறை) இப்படித்தான் வேலை செய்கிறது: 2 சென்டிமீட்டர் வரை போகலாம், ஆனால் பார்ப்பது அல்ட்ரா வைடு கண். புகைப்படத்துக்கு அருமையான விஷயம். வீடியோவில் நடுவே கண் மாறினால் படம் ஒரு குதி குதிக்கும், நிறமும் மாறும். இதைத் தடுக்க ஐபோன் செட்டிங்ஸில் அதே 'ரெக்கார்ட் வீடியோ' பக்கத்தில் 'லாக் கேமரா' இருக்கிறது. மற்ற போன்களில் மேக்ரோ சின்னத்தைத் தட்டி அணைக்க வேண்டும்.

எதிர்ப்பக்கத்திலும் இப்படி ஒரு விளையாட்டு உண்டு. டெலிஃபோட்டோ (தூரத்தில் இருப்பதை இழுத்துக் காட்டும் கேமரா) உள்ள போனில் 3 மடங்கு பொத்தானை அழுத்தினாலும், பொருள் கிட்டே இருந்தால் சில ஆப்கள் டெலிஃபோட்டோவைப் பயன்படுத்தாமல் முதன்மைக் கேமராவின் படத்தையே வெட்டிப் பெரிதாக்கிக் காட்டும். எந்தக் கண் பார்க்கிறது என்று தெரிய, ஒவ்வொரு லென்ஸாக விரலால் மூடிப் பாருங்கள்.

நான் போனை 35 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஏற்றிவிட்டு முதன்மைக் கேமராவிலேயே நின்றேன். கிட்டே காட்டுவதற்குத்தான் 4கே. கடைசியில் வெளியே போகும் வீடியோ 1920×1080. எடுத்தது 3840×2160. அகலத்திலும் உயரத்திலும் சரியாக இரண்டு மடங்கு, ஆக எடிட்டிங்கில் இரண்டு மடங்கு பெரிதாக்கி வெட்டினாலும் ஒரு புள்ளியும் இழப்பில்லை. முழு மேசை ஒரு காட்சி, சால்டர் புள்ளி மட்டும் ஒரு காட்சி, இரண்டும் ஒரே பதிவிலிருந்து. எனக்கு 4கே பயன்பட்டது இதற்கு மட்டும்தான். இந்தத் தேவை இல்லாதவர்கள் 1080பி-யில் எடுத்துவிட்டு இடத்தை மிச்சப்படுத்தலாம். போன் திரையில் பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியப் போவதில்லை.

ஃபோகஸைக் கையால் பூட்டும்போது மேசையை வைத்துப் பூட்டாமல், போர்டு உட்காரும் உயரத்தை வைத்துப் பூட்டுங்கள். போர்டைத் தாங்கும் கிளாம்பின் உயரமும் கணக்கில் வரும். சின்ன எழுத்துள்ள ஐசி (சிப்) ஒன்றை நடுவில் வைத்து, எழுத்து படிக்கத் தெரியும் வரை ஸ்லைடரை நகர்த்தினேன். அதன் பிறகு அயர்ன் உள்ளே வந்தாலும் கை குறுக்கே வந்தாலும் ஃபோகஸ் அசையவில்லை. அயர்னின் கைப்பிடி மங்கலாகத் தெரியும், அது மங்கலாகத்தான் தெரிய வேண்டும்.

லென்ஸைத் துடையுங்கள். சால்டரிங் புகை, சால்டர் நன்றாக ஒட்ட உதவும் ஃபிளக்ஸைக் கொண்டுவந்து கண்ணாடியில் படியவைக்கும், தலைக்கு மேலே போன் தொங்கினால் கேட்கவே வேண்டாம். விளக்கைச் சுற்றி ஒளி பரவித் தெரிந்தால் செட்டிங்ஸை நோண்டுவதற்கு முன் துணியை எடுங்கள்.

கவிழ்ந்த போனின் திசைக் குழப்பம்

இதை எந்த செட்டிங்ஸ் விளக்கத்திலும் பார்த்ததில்லை, ஆனால் மேலிருந்து எடுப்பவர்கள் எல்லோருக்கும் நடக்கும். போன் நெடுக்காக இருக்கிறதா குறுக்காக இருக்கிறதா என்று அது புவியீர்ப்பை வைத்து முடிவு செய்கிறது. தரையைப் பார்த்துக் கவிழ்ந்திருக்கும்போது இரண்டும் ஒன்றுதான், அதனால் கடைசியாக எதை நினைத்ததோ அதுவே எழுதப்படும். அந்த முடிவு பதிவு தொடங்கும் கணத்தில் ஒரு குறிப்பாகக் கோப்புக்குள் போய்விடுகிறது. விளைவு: ஒரு துண்டு நேராக, அடுத்தது பக்கவாட்டில், அதற்கடுத்தது தலைகீழாக. ஓபன் கேமராவில் திசையைப் பூட்டும் வசதி உண்டு. அது இல்லாத ஆப்பில், போனைக் குறுக்காக நிமிர்த்திப் பிடித்துப் பதிவைத் தொடங்கிவிட்டு, பிறகு ஸ்டாண்டில் கவிழ்த்துவிடலாம். ஏற்கெனவே தவறாகப் பதிவானவை கெட்டுப்போகவில்லை. குறிப்பை மட்டும் மாற்றினால் போதும், வீடியோவை மறுபடி என்கோட் செய்ய வேண்டியதில்லை.

ஸ்டெபிலைசேஷனை அணைத்தேன். மின்னணு முறையில் நடுக்கம் குறைப்பது என்றால், ஓரங்களை வெட்டி மிச்சமுள்ள படத்தை நகர்த்திச் சமன் செய்வதுதான். ஸ்டாண்டில் நிற்கும் போனுக்கு அது வேண்டாத வேலை, பார்வைக் கோணம் வீணாகச் சுருங்கும். கையில் பிடித்து எடுப்பவர்களுக்கு இது பொருந்தாது. அவர்கள் இதை அணைக்கவே கூடாது. கட்டக் கோடுகளைப் போட்டுக்கொண்டால் போர்டை நேராக வைக்கலாம். அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

சத்தம் ஏன் விலகியது

எனக்கு அதிக நேரம் தின்றது இதுதான். எடுத்த கோப்பைப் போனிலேயே ஓட்டினால் சத்தமும் படமும் ஒட்டி வருகின்றன. எடிட்டிங் மென்பொருளில் போட்டால் போகப் போக விலகுகின்றன. கோப்பை மீடியாஇன்ஃபோ என்ற இலவசக் கருவியில் திறந்து பார்த்தேன். 'ஃபிரேம் ரேட் மோட்' என்ற வரியில் 'வேரியபிள்' என்று இருந்தது. அங்கேதான் விஷயம்.

நாம் 30 என்று சொன்னாலும் போன் கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டு 30 எடுப்பதில்லை. வெளிச்சம் குறைந்தால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கூடுதல் நேரம் கொடுக்க எண்ணிக்கையைக் குறைக்கும்; சூடேறினாலும் தடுமாறும். ஒவ்வொரு ஃபிரேமும் எப்போது எடுக்கப்பட்டது என்று நேரம் எழுதி வைத்துவிடுவதால் போனில் ஓட்டும்போது சிக்கலில்லை. சில எடிட்டிங் மென்பொருள்கள் அந்த நேரத்தைப் பார்க்காமல், எல்லா ஃபிரேமும் சம இடைவெளியில் இருப்பதாக எடுத்துக்கொள்கின்றன. சின்ன வித்தியாசம்கூட நீளமான பதிவில் பெரிதாகும். 29.97 என்று வந்ததை 30 என்று எடுத்துக்கொண்டால் அரைமணி நேரத்தில் 1.8 விநாடி விலகும். ஒயர் கட்டர் வெட்டிய பிறகு 'டக்' கேட்க அது தாராளமாகப் போதும்.

ஷட்டரையும் ஐஎஸ்ஓவையும் பூட்டியதே இதில் பாதியைச் சரிசெய்துவிட்டது, ஏனென்றால் இருட்டைக் காரணம் காட்டி ஃபிரேமைக் குறைக்கும் உரிமை போனிடம் இப்போது இல்லை. ஐபோனில் இதற்கென்றே 'ஆட்டோ எஃப்பிஎஸ்' என்ற தேர்வு இருக்கிறது, அதை ஆஃப் செய்யலாம். மீதி விலகலுக்கு, எடிட்டிங்குக்கு முன்னால் கோப்பை ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருள் வழியாக ஒருமுறை அனுப்புகிறேன். வீடியோ பகுதியில் ஃபிரேம் ரேட்டை 30 என்று வைத்து, அதன் கீழே 'கான்ஸ்டன்ட்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் சம இடைவெளியில் புதிய கோப்பு வரும். நேரம் பிடிக்கும், கம்ப்யூட்டர் இரையும். ஒவ்வொரு துண்டின் தொடக்கத்திலும் முடிவிலும் ஒரு கைத்தட்டல் போட்டுவைத்தால் விலகியதா இல்லையா என்று உடனே தெரிந்துவிடும்.

பேச்சைத் தனி மைக்கில் எடுங்கள், முடிந்தால் ஒயர் மைக்கில். காதில் மாட்டும் புளூடூத் செட்டின் மைக்கைப் பயன்படுத்தினால் அது போன் பேசும் தரத்துக்கு இறங்கிவிடுவது வழக்கம்; குரல் கிணற்றுக்குள்ளிருந்து வரும்.

இடமும் சூடும்

4கே என்றதும் ஸ்டோரேஜ் கணக்குப் போட வேண்டும். பிட்ரேட்டை (விநாடிக்கு எத்தனை மெகாபிட் பதிவாகிறது என்பதை) எட்டால் வகுத்தால் விநாடிக்கு எத்தனை எம்பி என்று வரும். 48 மெகாபிட் என்றால் விநாடிக்கு 6 எம்பி, நிமிடத்துக்கு 360 எம்பி, அரைமணிக்குப் பத்து ஜிபிக்கு மேல். வீடியோவைச் சுருக்கும் புதிய முறையான, அதாவது புதிய கோடெக்கான எச்இவிசி-யில் (இதற்கு எச்.265 என்றும் பெயர்) ஏறக்குறைய பாதி இடம் போதும். ஐபோனில் எச்இவிசி-யில் எடுத்தால் நிமிடத்துக்கு 1080பி 30 ஃபிரேம் சுமார் 60 எம்பி, 4கே 30 ஃபிரேம் 170 முதல் 190 எம்பி, 4கே 60 ஃபிரேம் 400 எம்பிக்கு மேல்; செட்டிங்ஸ் பக்கத்திலேயே இந்தக் கணக்கு எழுதியிருக்கும்.

இருந்தும் நான் பழைய எச்.264-இலேயே எடுக்கிறேன். அது 2003-இல் வந்த தரம், எச்இவிசி 2013-இல் வந்தது. என் லேப்டாப் இரண்டுக்கும் நடுவில் பிறந்தது. எச்இவிசி கோப்பை டைம்லைனில் போட்டால் மூச்சு வாங்குகிறது. உங்கள் கம்ப்யூட்டர் புதிது என்றால் தயங்காமல் எச்இவிசி வையுங்கள். எச்டிஆர் (இருட்டும் வெளிச்சமும் கூடுதல் வீச்சில் பதிவாகும் முறை) வீடியோவை மட்டும், கடைசி வரை எச்டிஆரிலேயே வைத்திருக்கப் போவதில்லை என்றால், அணைத்துவிடுங்கள். சாதாரணத் திரையில் சாயம் போன துணி மாதிரி வெளிறித் தெரியும் வீடியோக்களில் பாதிக்கு அதுவே காரணம்.

மெமரி கார்டில் எழுதுபவர்கள் கார்டில் யு3 அல்லது வி30 குறி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். இரண்டுமே விநாடிக்குக் குறைந்தது 30 எம்பி எழுதும் என்று உறுதி தரும் குறிகள். 32 ஜிபி வரையிலான கார்டுகள் பெரும்பாலும் ஃபேட்32 அமைப்பில் வரும், அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. அந்த எல்லையில் பதிவு உடையும் அல்லது புதுக் கோப்பு தொடங்கும். நான் எப்படியும் வேலையின் ஒவ்வொரு கட்டத்துக்கும் பதிவை நிறுத்தித் தொடங்குகிறேன். ஒரு துண்டு கெட்டால் அந்தக் கட்டம் மட்டும்தான் போகும்.

சூடு இன்னொரு பக்கம். போன் தானாகப் பதிவை நிறுத்தும் முன் திரையை மங்கலாக்கும், அது முதல் எச்சரிக்கை. உறையைக் கழற்றினேன், திரை வெளிச்சத்தைக் குறைத்தேன், பதிவாகும்போது வேகமாக ஏறும் சார்ஜரைப் போடுவதை நிறுத்தினேன். 60 ஃபிரேமிலிருந்து 30-க்கு வந்ததுதான் இவை எல்லாவற்றையும்விட அதிகம் உதவியது. சால்டரிங்கில் 60 ஃபிரேம் வேண்டும் அளவுக்கு வேகமாக எதுவும் நகர்வதில்லை. அப்புறம், ஏரோபிளேன் மோட். அழைப்பு வந்தால் பல போன்களில் பதிவு அப்படியே நின்றுவிடும், நின்றதே தெரியாமல் நாம் பேசிக்கொண்டிருப்போம்.

இன்னும் மீதம் இருப்பது

பட்டை போயிற்று, வெளிச்சம் அசையவில்லை, சத்தம் ஒட்டி வருகிறது. சால்டர் புள்ளியில் விளக்கின் பிரதிபலிப்பு மட்டும் வெள்ளைப் பொட்டாக விழுகிறது. போலரைசர் ஃபில்டரை லென்ஸ் முன் பிடித்துச் சுழற்றிப் பார்த்தேன். ஃபிளக்ஸின் மினுமினுப்பும் போர்டின் பச்சைப் பூச்சில் தெரிந்த பளபளப்பும் நன்றாகவே குறைந்தன. சால்டரில் மாற்றமில்லை, உலோகத்தில் பட்டுத் திரும்பும் ஒளி அந்த அளவுக்குப் போலரைஸ் ஆவதில்லை, அதனால் ஃபில்டருக்குப் பிடிபடாது. ஃபில்டரைக் கழற்றிவிட்டு, விளக்குக்கு முன்னால் சூடு தொடாத தூரத்தில் ஒரு டிரேசிங் பேப்பரை விரித்துக் கட்டினேன். வெள்ளைப் பொட்டு விரிந்து மென்மையாகி, சால்டரின் வளைவு தெரிய ஆரம்பித்தது. பேப்பர் வெளிச்சத்தைக் கொஞ்சம் விழுங்கிவிட்டதால் விளக்கை முன்பு தள்ளிய தூரத்திலிருந்து சற்று உள்ளே இழுத்தேன். ஷட்டரை 1/50-லேயே விட்டுவிட்டு, கையை உள்ளே வைத்து ஐஎஸ்ஓவை மட்டும் மறுபடி பார்த்துப் பூட்டினேன்.